முன்களத்தில் நின்றவர்: ஹென்ட்ரா செத்தியவானின் இரட்டையர் வாழ்வு

2019 ஆகஸ்ட் 25ஆம் தேதியை இந்திய இறகுப்பந்து ரசிகர்கள் பி.வி. சிந்துவின் நாளாக நினைவில் வைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவை அவர் 21-7, 21-7 என்று வென்றதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே நாளில், அதே அரங்கில், ஆண்கள் இரட்டையர் உலகப் பட்டத்தை நான்காவது முறையாக வென்ற ஒருவருக்கு அன்றுதான் 35ஆவது பிறந்தநாள். இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செத்தியவான்தான் அவர். நம் கண்கள் முழுவதும் அன்று சிந்துவின் மீதே இருந்ததில் வியப்பில்லை. ஆனாலும் இரட்டையர் ஆட்டத்தை நேசிக்கும் எனக்கு, ஹென்ட்ராவின் தொழில்வாழ்வைப் பற்றித் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாகவே இருந்துவருகிறது.

அதற்குக் காரணம் அவர் வென்ற பட்டங்களின் எண்ணிக்கை மட்டுமல்ல. ஓர் இரட்டையர் ஆட்டக்காரரின் தரத்தை, அவர் அடித்து முடித்த புள்ளிகளைக் காட்டிலும், அவருடைய இணைக்கு எவ்வளவு எளிதான பந்துகள் கிடைத்தன என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஹென்ட்ராவைவிடப் பொருத்தமான சான்று வேறொருவரிடம் எனக்குக் கிடைக்கவில்லை. இயல்பில் வேறுபட்ட இரு இணைகளுடன், பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், அவர் உலகப் பட்டங்களை வென்றிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆட்டத்தின் வேகம் கூடியது. ஆட்டத்தைத் தொடங்கும் அடியான சர்வுக்குரிய விதி மாறியது. அவருடைய கால்களுக்கு வயதானது. மாறாமல் இருந்தது வலையருகே அவர் செய்த வேலை ஒன்றுதான்.

அந்த வேலை என்னவென்று விளங்க, ஆடுகளத்தின் அளவுகளிலிருந்தே தொடங்க வேண்டும். ஒற்றையர் ஆட்டத்தில் 5.18 மீட்டராக இருக்கும் அகலம், இரட்டையர் ஆட்டத்தில் 6.10 மீட்டராக விரிகிறது. ஆனால் சர்வ் விழ வேண்டிய பகுதியின் நீளமோ சுருங்கிவிடுகிறது: பின் எல்லைக்கு 76 சென்டிமீட்டர் உள்ளே ஒரு கோடு இருக்கிறது, சர்வ் அதைத் தாண்டி விழக் கூடாது. வலையிலிருந்து 1.98 மீட்டர் தள்ளியிருக்கும் முன்கோட்டுக்கும் அந்தப் பின்கோட்டுக்கும் இடையே இருப்பது 3.96 மீட்டர்தான். காக்க வேண்டிய நீளம் இவ்வளவு குறைவாக இருப்பதால், சர்வை எதிர்கொள்பவர் முன்கோட்டை ஒட்டி, மட்டையைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி, பாயத் தயாராக நிற்க முடிகிறது. ஷட்டிலை, அதாவது இறகுப்பந்தை, உயரத் தூக்கினால் அவர் பின்வாங்கி, மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அறையும் ஸ்மாஷ் அடித்துவிடுவார். தாழ்வாகப் போட்டு, அது வலைக்கு மேலே நான்கு விரற்கடை எழுந்துவிட்டாலோ அங்கேயே அடித்துக் கொன்றுவிடுவார். இத்துடன் விதியும் சேர்ந்துகொள்கிறது. 2018 முதல், சர்வ் போடும் கணத்தில் ஷட்டில் தரையிலிருந்து 1.15 மீட்டருக்கு மேலே இருக்கக் கூடாது. வலையின் நடு உயரமோ 1.524 மீட்டர். ஆகவே சர்வ் போடுபவர், கீழிருந்து மேலேறி வலையின் மேற்பட்டையை உரசினாற்போல் கடந்து உடனே இறங்கும் ஒரு பந்தை, எதிரில் மட்டையை ஓங்கி நிற்பவரின் முகத்துக்கு நேரே அனுப்பியாக வேண்டும்.

இதனால்தான் இரட்டையர் ஆட்டத்தின் பெரும்பகுதி முதல் மூன்று, நான்கு அடிகளிலேயே முடிவாகிவிடுகிறது. சர்வ், அதை எதிர்கொள்ளும் அடி, அதற்கடுத்த மூன்றாவது அடி ஆகிய மூன்றையும் சரியாகச் செய்யும் ஜோடி, எதிரணியைப் பந்தைத் தூக்கிவிடும் நிலைக்குத் தள்ளுகிறது. தூக்கப்பட்ட பந்து பின்களத்தில் நிற்பவருக்குச் செல்கிறது. அவர் அடிக்கும் ஸ்மாஷ் தொலைக்காட்சியில் மூன்று கோணங்களில் மீண்டும் காட்டப்படுகிறது. பந்தைத் தூக்கவைத்தவரை அந்த மறு ஒளிபரப்பு காட்டுவதில்லை. ஹென்ட்ரா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தக் காட்டப்படாத இடத்தில் நின்று ஆடியவர்.

அவர் சர்வை எதிர்கொள்ளும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பாய்ந்து வந்து பந்தை அறைவார்கள். இவரோ முன்னங்காலைச் சற்றே நகர்த்தி, மட்டையின் முகத்தைப் பந்துக்குக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வார். பந்து மட்டையில் படும் கடைசிக் கணத்தில் மணிக்கட்டு லேசாகத் திரும்பும். முன்பக்க மூலையை நோக்கி நகரத் தொடங்கிவிட்ட எதிராளியைத் தாண்டி, நடுக்களத்தின் ஓரத்தில், முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இடையே யாருக்கும் உரியதல்லாத ஓரிடத்தில் பந்து விழும். வேகம் அதில் அறவே இருக்காது. எதிரணியில் ஒருவர் குனிந்து அதை எடுக்கும்போது வேறு வழியின்றித் தூக்கிவிடுவார். அதற்குள் ஹென்ட்ரா வலையருகே இரண்டு குறுகிய எட்டுகளில் சரியான இடத்தைப் பிடித்திருப்பார். முகத்தில் எந்தச் சலனமும் இருக்காது. ஒலிம்பிக் தங்கம் வென்ற நாளிலும் தோற்ற நாளிலும் ஏறக்குறைய ஒரே முகத்தோடு அவர் ஆடுகளத்தை விட்டு வெளியேறியிருக்கிறார். இரட்டையர் ஆட்டத்தில் இந்த நிதானம் ஓர் அணிகலன் அல்ல, தொழில்திறனின் ஒரு பகுதி. ஒருவரின் பதற்றம் அடுத்தவரின் மட்டைக்கு நொடியில் தாவிவிடும் என்பதை ஜோடியாக ஆடிய எவரும் அறிவார்கள்.

1984இல் மத்திய ஜாவாவின் பெமாலாங் நகரில் பிறந்த ஹென்ட்ரா, ஜகார்த்தாவின் ஜயா ராயா கழகத்தில் வளர்ந்தார். அங்கே அவருக்கு அமைந்த இணை மார்கிஸ் கிடோ. இருவரும் ஒரே ஆண்டில், ஒரே ஆகஸ்ட் மாதத்தில், இரண்டு வார இடைவெளியில் பிறந்தவர்கள். கிடோ குட்டையான, திரண்ட உடற்கட்டு கொண்டவர். பின்களத்திலிருந்து எகிறிக் குதித்து அடிப்பவர். இந்த ஜோடி மேலே வந்த காலமும் முக்கியமானது. 2006இல் உலக இறகுப்பந்து அமைப்பு, சர்வ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி என்றிருந்த பழைய 15 புள்ளி முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி தரும் 21 புள்ளி முறைக்கு மாறியது. பழைய முறையில் இரட்டையர் அணியில் ஒருவர் சர்வை இழந்தாலும் அடுத்தவருக்கு ஒரு வாய்ப்பு மீதமிருக்கும். சர்வில் செய்த பிழைக்கு உடனடி விலை கிடையாது. புதிய முறையில் வலையில் மோதிய ஒவ்வொரு சர்வும் எதிரணிக்கு ஒரு புள்ளி. சர்வையும் அதை எதிர்கொள்வதையும் பிழையின்றிச் செய்யும் ஒருவரின் மதிப்பு ஒரே ஆண்டில் கூடிவிட்டது. ஹென்ட்ராவின் எழுச்சி அந்த ஆண்டை ஒட்டியே அமைந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை.

2007இல் கோலாலம்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியில் கிடோவும் ஹென்ட்ராவும் தென்கொரியாவின் ஜுங் ஜே-சுங், லீ யோங்-டே ஜோடியை 21-19, 21-19 என்று வென்றார்கள். மறு ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் எதிரே நின்றவர்கள் சீனாவின் காய் யுன், ஃபூ ஹைஃபெங். சீன ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே முதல் செட் 12-21 என்று கைநழுவியது. ஃபூவின் ஸ்மாஷ் அந்தக் காலத்தில் உலகின் மிக வேகமான ஸ்மாஷ்களில் ஒன்று. அதை எதிர்த்து வேகத்தில் மோதினால் தோல்விதான். அடுத்த இரண்டு செட்டுகளில் இந்தோனேசியர்கள் பந்தை உயர விடாமல் தட்டையாகவும் தாழ்வாகவும் வைத்து ஆடினார்கள். ஃபூவுக்கு மேலிருந்து அடிக்கும் வாய்ப்பே அருகிப்போனது. 21-11, 21-16 என்று ஆட்டம் முடிந்தபோது கிடோவுக்கு வயது 24, ஹென்ட்ராவுக்கு 23. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுத் தங்கமும் இந்த ஜோடிக்கே கிடைத்தது.

அதற்குப் பிந்தைய சரிவைச் சுருக்கமாகவே சொல்லலாம்: முடிவுகள் தேய்ந்தன, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நடப்புச் சாம்பியன்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே இரட்டையர் தொழிலின் ஓர் அடிப்படை உண்மையைச் சொல்லியாக வேண்டும். உலகத் தரவரிசைப் புள்ளிகள் தனி ஆட்டக்காரருக்கு உரியவை அல்ல, ஜோடிக்கு உரியவை. இணையை மாற்றினால் எவ்வளவு பெரிய சாம்பியனும் புதிய ஜோடியாகப் பட்டியலின் அடியிலிருந்தே ஏற வேண்டும். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு ஜோடிகள்தான் செல்லலாம். அதுவும் இரண்டும் உலகின் முதல் எட்டு இடங்களுக்குள் இருந்தால் மட்டுமே. இந்தோனேசியா போன்று இரட்டையர் திறமை பொங்கி வழியும் நாட்டில், ஒரு ஜோடி தளர்ந்தால் அடுத்த ஜோடி உடனே முந்திவிடும். ஒற்றையர் ஆட்டக்காரருக்குத் தன் உடலும் மனமும் ஒத்துழைத்தால் போதும். இரட்டையர் ஆட்டக்காரருக்கோ இன்னொருவரின் முழங்காலும் இன்னொருவரின் மனநிலையும் தன் வாழ்வாதாரமாக இருக்கின்றன.

வருமானத்திலும் அதே பங்கீடுதான். உலகச் சுற்றுப் போட்டிகளில் மொத்தப் பரிசுத்தொகையில் ஒற்றையர் சாம்பியனுக்கு 7 சதவீதம் செல்கிறது. இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 7.4 சதவீதம். அதை இருவர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 3.7. உலக சாம்பியன்ஷிப்பிலோ பரிசுத்தொகையே கிடையாது. பதக்கமும் தரவரிசைப் புள்ளிகளும்தான். ஒற்றையர் ஆட்டக்காரரின் அதே அதிகாலைப் பயிற்சி, அதே விமானப் பயணங்கள், அதே காயங்கள், பாதிக்குச் சற்றே கூடுதலான கூலி. இது நியாயமில்லை என்பது என் கருத்து. இரட்டையர் ஆட்டங்கள் நிரப்பும் அரங்குகளை ஜகார்த்தாவில் பார்த்த பிறகும் இந்த விகிதம் மாறாமலிருப்பதற்கு எனக்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் தெரியவில்லை.

2012இன் இறுதியில் ஹென்ட்ராவுக்கு அமைந்த புதிய இணை முகமது அஹ்சான். பலெம்பாங்கில் பிறந்த அஹ்சான், ஹென்ட்ராவைவிட மூன்று வயது இளையவர். அதுவரை அஹ்சானுடன் ஆடியவர் போனா செப்டானோ. அவர் மார்கிஸ் கிடோவின் தம்பி. அதாவது அண்ணனை விட்டுப் பிரிந்தவரும் தம்பியை விட்டுப் பிரிந்தவரும் ஒன்று சேர்ந்தார்கள். கிடோ பின்னர் இளைஞர் மார்கஸ் கிடியோனுடன் இணைந்து 2013 பிரெஞ்சு ஓபனை வென்றார். அந்தக் கிடியோன்தான் பிற்பாடு கெவின் சுகமுல்ஜோவுடன் சேர்ந்து உலகின் முதலிடத்தைப் பிடித்தவர். இந்தோனேசிய இரட்டையர் வரலாறு இப்படித்தான் கிளைக்கிறது. மூத்தவர் ஒருவர் இளையவருக்கு முன்களத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகுகிறார். இளையவர் அதை எடுத்துக்கொண்டு தனக்கான ஜோடியைத் தேடிப்போகிறார். உலகப் போட்டிகளில் அந்நாட்டு ஜோடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதன் இரகசியம் பயிற்சி மையத்தின் சுவர்களில் இல்லை, இந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அஹ்சானின் ஆட்டம் கிடோவின் ஆட்டம் அல்ல. கிடோ வெடிப்பவர், அஹ்சான் தொடர்ந்து அடிப்பவர். ஒரே ஸ்மாஷில் முடிக்க முயலாமல், நான்கு ஐந்து ஸ்மாஷ்களை வெவ்வேறு கோணங்களில் இறக்கி, எதிரணியின் காப்பை மெல்லமெல்லக் குலைப்பார். இந்த மாற்றத்துக்கு ஏற்ப ஹென்ட்ராவும் தன் நிலையை மாற்றிக்கொண்டார். கிடோவுடன் ஆடியபோது வலையை ஒட்டியே நின்றவர், அஹ்சானுடன் ஓரெட்டு பின்தள்ளி நின்றார். ஸ்மாஷைத் தடுத்து எதிரணி தட்டையாக அனுப்பும் பந்தை நடுக்களத்திலேயே மறித்து, மீண்டும் அஹ்சானுக்கு மேலிருந்து அடிக்கும் வாய்ப்பை உண்டாக்குவதற்கு அந்த இடமே உகந்தது. பின்களத்தவரின் தாளத்துக்கேற்ப முன்களத்தவர் தன் இடத்தை மாற்றிக்கொள்வது எளிதாகச் சொல்லிவிடக்கூடிய செய்தி. அதைப் பத்தாண்டுப் பழக்கத்தை உதறிவிட்டு ஓராண்டுக்குள் செய்து முடிப்பது மிகச் சிலருக்கே வாய்க்கும்.

அவர் அதை ஓராண்டுக்குள்தான் செய்தார். 2013 ஆகஸ்டில் குவாங்சோ உலக சாம்பியன்ஷிப் இறுதியில் டென்மார்க்கின் மத்தியாஸ் போ, கார்ஸ்டன் மோகன்சன் ஜோடியை 21-13, 23-21 என்று இருவரும் வென்றார்கள். (அன்று தோற்ற போ பிற்காலத்தில் நம்முடைய சாத்விக்சாய்ராஜ், சிராக் ஷெட்டி ஜோடிக்குப் பயிற்சியாளராகி, 2023இல் அவர்கள் உலகின் முதலிடத்தை எட்டியபோது உடனிருந்தார்.) 2014இல் ஆல் இங்கிலாந்து பட்டம், அதே ஆண்டு இன்ச்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியில், சொந்த மண்ணில் ஆடிய அப்போதைய முதல்நிலை ஜோடி லீ யோங்-டே, யூ யோன்-சியோங்கை மூன்று செட்டுகளில் வீழ்த்திய தங்கம். 2015 உலக சாம்பியன்ஷிப் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கிலேயே நடந்தது. சீனாவின் லியூ ஷியாவ்லோங், சியூ ஸிஹான் ஜோடிக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் ஒரே குரலில் முழங்கியது. அந்த முழக்கத்துக்கு நடுவே தாழ்வான சர்வ் போடக் கை நடுங்காமலிருக்க வேண்டும். ஹென்ட்ராவின் கை நடுங்கவில்லை. இரண்டே செட்டுகளில் ஆட்டம் முடிந்தது.

பிறகு ரியோ வந்தது. 2016 ஒலிம்பிக்கில் பட்டத்துக்கு உரியவர்களாகப் பேசப்பட்ட இவர்கள், குழுச் சுற்றையே தாண்டவில்லை. நம்முடைய மனு அத்ரி, சுமீத் ரெட்டி ஜோடியை வென்றாலும், ஜப்பானிய ஜோடியிடமும் சீன ஜோடியிடமும் தோற்று வெளியேறினார்கள். ஜோடி பிரிந்தது. 32 வயதில் ஹென்ட்ரா மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார். 2017இல் அவர் தேர்ந்தெடுத்த இணை அண்டை நாட்டுப் போட்டியாளரான மலேசியாவின் டான் பூன் ஹியோங். ஸ்மாஷ் வேகத்தில் கின்னஸ் சாதனை படைத்தவர் டான்; 2013இல் அவர் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 493 கிலோமீட்டர் எனப் பதிவானது. உலகின் மிக வேகமான கையும் உலகின் மிக நுட்பமான கையும் சேர்ந்தால் வெல்ல யார் இருக்கிறார்கள் என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கும். ஆஸ்திரேலிய ஓபன் இறுதி வரை சென்றதற்கு மேல் அந்த ஜோடியால் எதுவும் ஆகவில்லை. இரு நாடுகளில் வாழ்ந்துகொண்டு, சேர்ந்து பயிற்சி செய்யப் போதிய நாட்களின்றி, போட்டி நாட்களில் மட்டும் ஜோடியாக இருப்பது போதாது. அஹ்சானோ இளைஞர் ரியான் அகுங் சபுத்ரோவுடன் அதே ஆண்டு கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் இறுதியை எட்டி, பட்டத்தைத் தவறவிட்டார்.

இணை மாறியும் உச்சத்தைத் தொட்டவர்கள் வரலாற்றில் உண்டு. சிட்னி ஒலிம்பிக்கில் சந்திரா விஜயாவுடன் தங்கம் வென்ற டோனி குனவான், 2001இல் ஹலிம் ஹர்யந்தோவுடன் உலகப் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, 2005இல் அனஹைமில் ஹோவர்ட் பாக் என்பவருடன் மீண்டும் உலக சாம்பியனானார்; அந்த இறுதியில் வலைக்கு மறுபுறம் நின்றவர்களில் ஒருவர் அதே சந்திரா விஜயா. ஃபூ ஹைஃபெங் 2012இல் காய் யுன்னுடனும் 2016இல் ஜாங் நானுடனும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இவர்களுடைய வரிசையில்தான் ஹென்ட்ராவும் நிற்கிறார். ஆனால் பிரிந்த இணையிடமே திரும்பிப் போய், முன்னைவிட மூத்த வயதில், முன்னைப் போலவே வென்றது அவருக்கே உரிய பகுதி.

2018இல் ஹென்ட்ராவும் அஹ்சானும் மறுபடி சேர்ந்தார்கள். அந்த ஆண்டே சிங்கப்பூர் ஓபனை வென்றார்கள். இருவரும் குழந்தைகளுக்குத் தந்தையராகியிருந்ததால் ரசிகர்கள் அவர்களை 'டாடீஸ்' என்று அன்போடு அழைக்கத் தொடங்கியிருந்தனர். 2019 மார்ச்சில் பர்மிங்காமில் நடந்த ஆல் இங்கிலாந்து போட்டியை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். அரையிறுதியில் ஹென்ட்ராவின் கெண்டைக்கால் தசை காயப்பட்டது. மறுநாள் இறுதியில் எதிரே இளமைத் துடிப்புள்ள மலேசியர்கள் ஆரோன் சியா, சோ வூய் யிக். முதல் செட் 11-21. நொண்டியபடி நின்ற ஹென்ட்ராவை ஓடவைத்தால் போதும் என்பது மலேசியர்களுக்கும் தெரியும், அரங்கிலிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டாவது செட்டிலிருந்து அவர் ஓட வேண்டிய பந்தே வராதபடி பார்த்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். சர்வை முன்னிலும் தாழ்த்தினார். எதிர்கொள்ளும் அடியை நடுக்களத்துக்கே அனுப்பினார். எதிராளிக்குக் கோணம் கிடைக்காத இடங்களிலேயே பந்தை வைத்தார். அகலத்தையும் பின்களத்தையும் அஹ்சான் ஒருவரே அளந்தார். 21-14, 21-12. ஓடாமலே எவ்வளவு ஆடலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் காணொளிகளில் கிடைக்காது. முன்களத்தில் ஆட விரும்பும் எவருக்கும் இந்த ஆட்டத்தைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

அந்த ஆண்டு முழுவதும் அவர்களுக்குத் தடையாக நின்றவர்கள் சொந்த நாட்டுக் கிடியோனும் சுகமுல்ஜோவும்தான். இந்தோனேசிய ஓபன் இறுதியிலும் ஜப்பான் ஓபன் இறுதியிலும் அந்த ஜோடியிடம் மூத்தவர்கள் தோற்றார்கள். வலையருகே சுகமுல்ஜோவின் கைவேகம் ஹென்ட்ராவின் ஆயுதத்தையே ஹென்ட்ராவுக்கு எதிராகத் திருப்பியது. பாசெலில் அந்த இளையவர்கள் தொடக்கத்திலேயே கொரிய ஜோடியிடம் வீழ்ந்துவிட, மூத்தவர்கள் இறுதி வரை வந்து, ஜப்பானின் தகுரோ ஹோகி, யூகோ கோபயாஷி ஜோடியை 25-23, 9-21, 21-15 என்று வென்றார்கள். இரண்டாவது செட்டின் 9-21 வெறும் சரிவாக எனக்குத் தெரியவில்லை. மூச்சு எவ்வளவு மீதமிருக்கிறது, அதை எந்தச் செட்டில் செலவழிப்பது என்று அறிந்தவர்களின் கணக்காகவே அதைப் படிக்கிறேன். டிசம்பரில் உலகச் சுற்று இறுதிப் போட்டியில் ஜப்பானின் இன்னொரு ஜோடியான ஹிரோயுகி எண்டோ, யூதா வதனாபேயையும் அவர்கள் வென்றார்கள்.

2021 கடினமான ஆண்டு. ஜூன் 14 அன்று மார்கிஸ் கிடோ, தங்கெராங்கில் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து, 36 வயதில் காலமானார். அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக். தன் இளமையின் இணையை இழந்த சில வாரங்களில், தன் மூன்றாவது ஒலிம்பிக்கை ஆட வேண்டியிருந்தது ஹென்ட்ராவுக்கு. அரையிறுதியில் தைவானின் லீ யாங், வாங் சி-லின் ஜோடி 21-11, 21-10 என்று அவர்களைத் துடைத்தெறிந்தது. அந்த வேகத்துக்கு மூத்தவர்களிடம் பதில் இல்லை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் முதல் செட்டை 21-17 என்று வென்ற பிறகு, அடுத்த இரண்டையும் இழந்தார்கள். வென்றவர்கள் பர்மிங்காமில் தோற்ற அதே சியாவும் சோவும்.

2022 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியிலும் அதே மலேசிய ஜோடிதான் எதிரே. காலிறுதியில் நம்முடைய எம்.ஆர். அர்ஜுன், துருவ் கபிலா ஜோடியைத் தாண்டி வந்திருந்த ஹென்ட்ராவுக்கு 38 வயது நிறைந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. 21-19, 21-14 என்று வென்ற சியாவும் சோவும் மலேசியாவின் முதல் உலகப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்கள். மூன்று ஆண்டுகளில் மூன்று பெரிய ஆட்டங்களில் ஒரே இருவரைச் சந்தித்து, முதலில் பாடம் கொடுத்தவர்கள் பின்னர் அவர்களிடமே தோற்றதை நான் துயரமாகப் பார்க்கவில்லை. 2019இல் ஓயாமல் அடித்துக்கொண்டேயிருந்த அந்த மலேசியர்கள், 2022இல் முதல் மூன்று அடிகளில் காட்டிய பொறுமையைக் கவனித்தால், அவர்கள் யாரிடம் தோற்றுக் கற்றார்கள் என்பது விளங்கும்.

இதற்கிடையே 2021 அக்டோபரில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், ஆண்கள் தேசிய அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை இந்தோனேசியா வென்றபோது அணித் தலைவராக இருந்தவர் ஹென்ட்ரா. மறு ஆண்டு பாங்காக் இறுதியில் இந்தியா அந்தக் கோப்பையை 3-0 என்று பறித்ததை நாம் கொண்டாடினோம். அன்றைய இரட்டையர் ஆட்டத்தில் அஹ்சானும் சுகமுல்ஜோவும் ஒரு ஜோடியாக ஆடினார்கள். கிடியோன் காயத்தால் வரவில்லை. ஆட்டத்தை முடிக்கும் புள்ளிகள் கையிலிருந்தும் அந்த அவசர ஜோடி சாத்விக், சிராக்கிடம் 21-18, 21-23, 19-21 என்று தோற்றது. நம் ஜோடியின் துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் உலகின் ஆகச் சிறந்த இரு ஆட்டக்காரர்களை ஒருபுறம் நிறுத்திவிட்டால் மட்டும் அவர்கள் ஜோடியாகிவிடுவதில்லை என்பதையும் அந்தக் கடைசி சில புள்ளிகள் காட்டின. இக்கட்டில் நடுக்களத்தில் விழும் பந்து யாருடையது என்ற தயக்கம், பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்களுக்கு வராது. சாத்விக்கும் சிராக்கும் இளம் வயதில் இருவருமே பின்களத்து ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள். மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் அவர்களை ஒன்றுசேர்த்த பிறகு, சிராக் முன்களத்தைக் கற்றுக்கொண்டதில்தான் அந்த ஜோடி பிறந்தது என்பேன். 2023இல் சாத்விக் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். அந்த வேகத்துக்கு வேலை கொடுப்பது சிராக்கின் முன்களம்.

2025 ஜனவரியில் இந்தோனேசிய மாஸ்டர்ஸ் போட்டியோடு, இஸ்தோரா அரங்கிலேயே, ஹென்ட்ராவும் அஹ்சானும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள். ஹென்ட்ராவுக்கு அப்போது 40 வயது. அதற்கு முன்பே, தான் இன்னும் ஆடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, தேசியப் பயிற்சி மையத்துக்கு வெளியே தனித்து ஆடிவந்த சபர் கர்யமான் குதாமா, ரேஸா பஹ்லெவி இஸ்ஃபஹானி ஜோடிக்கு அவர் வழிகாட்டத் தொடங்கியிருந்தார். அவர்களுடைய ஆட்டங்களைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால், ஸ்மாஷ்களை விட்டுவிட்டு, எதிரணி சர்வ் போடும்போது அதை எதிர்கொள்பவரின் மட்டையை மட்டும் சில நிமிடங்கள் கவனித்துப் பாருங்கள்.